பல் டாக்டருக்கு நான் சொன்ன ஜாஸ்

நேத்து எனக்கு ரெண்டே வேலை. கொச்சியில மட்டாஞ்சேரி போய் பல் டாக்டர்கிட்ட நாலு ஜாஸ் ரெக்கார்டைக் கொடுக்கணும். அப்படியே என் கடவாப்பல்லைப் பிடுங்கிட்டு வரணும்.

டாக்டர் மணி பாலக்காட்டுத் தமிழர். பழைய சாமான் கடையில ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி கிளினிக்ல வெச்சிருக்கார். உள்ள மெஷின் 'கொய்ங்'னு கத்துறது வெளிய காத்திருக்கிறவங்களுக்குக் கேக்கக் கூடாதாம்.

போன தடவை பல்லைப் பாக்கும்போதே கேட்டார். "நீதான் ஃபோன்ல சதா ஜாஸ் ஜாஸ்னு எழுதறயே. அவசியம் இருக்க வேண்டிய ரெக்கார்டு எதெல்லாம்? சொல்லேன்."

வாய் முழுக்க பஞ்சு. ஆனாலும் லெக்சர் அடிச்சேன்! பியானோ ஒண்ணு, ட்ரம்பெட் ஒண்ணு, ஒரு அம்மா பாடினது ஒண்ணு.

"இதெல்லாம் எல்லாரும் வெச்சிருப்பாங்க டாக்டர். நிஜ ரசிகனுக்குன்னு ஒரு சாக்ஸபோன் ரெக்கார்டு இருக்கு. அது இல்லாத கலெக்‌ஷன் கலெக்‌ஷனே இல்ல!"

அதை நான் கேட்டதே இல்ல. யாரோ புகழ்ந்து எழுதினதைப் படிச்சதோட சரி.

"அப்போ நாலையும் நீயே வாங்கிண்டு வந்துடு"ன்னுட்டார்.

கொண்டு போனேன். முன்னாடி மேஜையில டோக்கன் குடுக்குற ஷீபா சேச்சி. பெஞ்சு நிறைய ஆளுங்க, ஆளுக்கொரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு.

"முதல்ல எது போடட்டும்?"னு கேட்டாங்க சேச்சி.

பியானோன்னு சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பாக்குறாங்களே! சாக்ஸபோனை நீட்டினேன்.

முதல்ல ட்ரம்ஸ் மெதுவா தட்டுச்சு. நானும் கண்ணை மூடி தலையாட்டினேன். அப்புறம் அந்த மனுஷன் ஊத ஆரம்பிச்சார்.

ஊதலைங்க. அலறினார்! 'கீஈஈச்'னு ஒரு இழுப்பு. நடுவுல ஒரு விக்கல். மறுபடியும் அலறல்.

என் பக்கத்துல, கும்பளங்கி கிராமத்துலேர்ந்து வந்த ஒரு சேட்டன். அங்க மீன் வளர்க்கிறவராம். மெதுவா என் தொடையைத் தட்டினார்.

"உள்ள யாருக்காக்கும் பல்லு எடுக்கறது?"

"யாருக்கும் இல்ல சேட்டா. இது பாட்டு."

"பாட்டோ?"

"ஆமா. வேதனையை அப்படியே வெளிப்படுத்துறார், கவனிங்க."

"வேதனை எனக்கும் உண்டு மோனே. நான் இப்படிச் சத்தம் போடலையே?"

அப்பப் பாத்து ரெக்கார்டு ஒரு கீறல்ல சிக்கிக்கிச்சு. ஒரே அலறல். திரும்பத் திரும்ப!

சேட்டன் எழுந்தார். கன்னத்துலேர்ந்து கையை எடுத்தார். "ஷீபே, என்ட வலி போயி!"ன்னுட்டு விடுவிடுன்னு வெளிய நடந்தார். பின்னாடியே மொத்த பெஞ்சும் எழுந்துச்சு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல குணம்!

எதிர்த்தாப்ல இஞ்சி குடோன். அங்க மூட்டை தூக்குற ரெண்டு அண்ணன்மார், நம்ம தேனிப் பக்கம். உள்ளேர்ந்து அலறல் வருது, ஜனங்க தெறிச்சு ஓடுறாங்க. அவங்க என்ன நினைப்பாங்க? நேரா உள்ள பாய்ஞ்சுட்டாங்க. ஒருத்தர் கையில மூட்டைக் கொக்கி!

"யாரைக்கா போட்டு இந்த அடி அடிக்கிறாங்க?"

பதிலுக்குக் காத்திருக்கலை. டாக்டர் ரூம் கதவைத் தள்ளித் திறந்துட்டாங்க.

உள்ள டாக்டர் மணி தன்னந்தனியா, சாயாவும் பழம்பொரி பஜ்ஜியுமா உக்காந்திருந்தார். கொக்கியைப் பாத்ததும் பழம்பொரியோட ரெண்டு கையையும் தூக்கிட்டார்.

"அண்ணே, அது பாட்டுதாண்ணே!"ன்னு கத்தினேன்.

கொக்கி அண்ணன் என்னை ஏற இறங்கப் பாத்தார். "இதைக் காசு குடுத்தா வாங்குனீங்க?"

ஷீபா சேச்சி ரெக்கார்டை நிறுத்தினாங்க. அண்ணன்மார் வாசப்படியில உக்காந்து மூச்சு வாங்கினாங்க. டாக்டர் காலி பெஞ்சைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார்.

"பேஷ். இன்னிக்கு எனக்குன்னு மிஞ்சினது நீ ஒருத்தன்தான். உள்ள வா."

"டாக்டர்... எனக்கும் வலி போயிடுச்சு."

"உக்காருடா!"

மரத்துப்போறதுக்கான ஊசியை எடுத்தார். சத்தியமா அது என் மேல படவே இல்லை. சும்மா பாத்தேன், அவ்வளவுதான். அடிவயித்துலேர்ந்து கத்தினேன் பாருங்க, ஒரு கத்து!

ஒருத்தரும் ஓடி வரலை. வாசப்படியிலேர்ந்து கொக்கி அண்ணன் குரல் மட்டும் கேட்டுச்சு.

"அக்கா, இந்தப் பாட்டு பரவால்ல. முன்னாடி போட்டதைவிட இதுல உணர்ச்சி இருக்கு!"