வெர்னாவின் வலது முழங்கால்

மனிதருக்கு முழங்கால் இரண்டு. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டில் ஒன்று கெட்டுப்போய்விட்டதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதன் சொந்தக்காரருக்குக் கிடையாது என்ற உண்மை, வெர்னா ஹோல்க்விஸ்டுக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் தெரியவந்தது.

வெர்னா மின்னசோட்டாவின் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். உடம்பு பெரிது, மனசு அதைவிடப் பெரிது, பேருந்தின் படி இரண்டையும்விட உயரம். காலையில் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, வலது காலை மூட்டை தூக்குவதுபோல் தூக்கி மேலே வைப்பாள். ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் படியேற்றச் சோதனை உண்டு. போன முறை சோதித்தவர் சரியான சமயத்தில் தும்மியதால் தேறினாள். எல்லா ஆண்டும் தும்முவார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. தேறாவிட்டால் பேருந்துச் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தப் பேருந்தையும் அதில் கத்துகிற பிள்ளைகளையும் விட்டால் வெர்னாவுக்குக் காலையில் எழுந்திருக்க வேறு காரணம் இல்லை.

யாராவது "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "மோசம்னு சொல்ல முடியாது" என்பாள். அந்த ஊரே அப்படித்தான். கரடியின் வாயில் கால் மாட்டிக்கொண்டாலும், "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சிரமம் கொடுத்ததற்காகக் கரடியிடம் மன்னிப்பும் கேட்பார்கள். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது அங்கே சபை நாகரிகம் அல்ல.

மூட்டு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். எலும்போடு எலும்பு உரசுகிறது, புது மூட்டு வைக்க வேண்டும், ஆனால் முதலில் எடை குறைய வேண்டும் என்றார். எடை குறைக்கும் மருத்துவர், இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கலாம், ஆனால் முதலில் காப்பீட்டுக் கம்பெனி சம்மதிக்க வேண்டும் என்றார். வெர்னா கம்பெனிக்குப் போன் போட்டாள். பிரென்ட் என்பவர் எடுத்தார். குரலில் தேன் சொட்டியது.

"உங்க எடைப் பயணத்துல நாங்க துணையா வர்றோம், மேடம்."

"துணையெல்லாம் வேணாம் தம்பி. ஆபரேஷனுக்குச் சம்மதிச்சா போதும்."

"கண்டிப்பா. அதுக்கு முன்னாடி ஆறு மாசம் மருத்துவர் கண்காணிப்புல நீங்க பத்தியம் இருக்கணும்."

"இருந்து எடை குறைஞ்சிட்டா?"

"வாழ்த்துகள்! ஆபரேஷனுக்குன்னு நாங்க வெச்சிருக்கிற எடை எல்லைக்குக் கீழ வந்துடுவீங்க. ஆபரேஷன் தேவைப்படாது."

"கூடிட்டா?"

"ஒத்துழைக்காத நோயாளின்னு ஆகிடும். ஆபரேஷன் கிடையாது."

"சரி, கூடவும் இல்ல, குறையவும் இல்லன்னா?"

"முயற்சியே எடுக்கலைன்னு ஆகிடும் மேடம்."

"பின்ன நான் என்னதான்ப்பா செய்யணும்?"

"உண்மையா முயற்சி செஞ்சு, உண்மையா தோத்துப் போகணும்," என்றார் பிரென்ட் அன்போடு. "ஆனா ஒழுங்கு முறைப்படி தோக்கணும்."

ஒழுங்கு முறைப்படி தோற்கும் பணி இலையுதிர் காலத்தில் தொடங்கியது. மாத ஆரம்பத்தில் வெர்னா முட்டைக்கோசு தின்று கொஞ்சம் இளைப்பாள். மாதக் கடைசியில் கணவன் ஆர்விட் அவளை உட்காரவைத்து, இறைச்சிக் கலவையின் மேல் உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்டெடுக்கும் ஹாட்டிஷ் என்ற பலகாரத்தைத் தட்டு நிறைய வைத்து, இளைத்ததை மீட்டுக்கொடுப்பான். தானியக் கிடங்கில் எடை போட்டே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் அவன். பெண்டாட்டியின் எடையைக் குறி தவறாமல் எல்லையில் நிறுத்துவதில் அவனுக்கு அலாதிப் பெருமை.

கடைசி மாதத்தில் பிள்ளைகள் பேருந்தில் வாந்திக் காய்ச்சலைக் கொண்டுவந்தார்கள். வெர்னா படுத்த படுக்கையானாள். எழுந்தபோது எல்லைக்குக் கீழே போயிருந்தாள். காலமெல்லாம் இளைக்க ஆசைப்பட்டவள், இளைத்துவிட்டதற்காகக் குளியலறை எடைக்கருவியின் மேல் நின்று அழுதாள்.

"அழாதே வெர்னா," என்றான் ஆர்விட். கார் கொட்டகைக்குப் போய்த் தன் மீன்பிடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுகளை அவளுடைய பனிக்கோட்டின் பைகளில் ஒவ்வொன்றாக நிரப்பினான்.

"இது பொய்யில்லையா, ஆர்விட்?"

"முழங்கால் வலி பொய்யா? இல்லல்ல? அப்புறம் என்ன? ஏறி நில்லு."

மருத்துவமனைச் செவிலி ஹெல்ஜா எல்லோரையும் கோட்டைக் கழற்றச் சொல்லித்தான் எடை பார்ப்பாள். அன்று வெர்னா கிலுகிலுவென்று சத்தம் வர நடந்து வந்ததைப் பார்த்தாள். சாளரத்துக்கு வெளியே கொட்டும் பனியைப் பார்த்தாள். "இந்தக் குளிர்ல கோட்டு எதுக்குக் கழட்டிக்கிட்டு, அப்படியே நில்லுங்க," என்றாள். இப்படியாக, மேற்படி நோயாளி உண்மையாக முயன்று முறைப்படி தோற்றார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. கம்பெனி சம்மதித்தது.

ஆபரேஷன் என்னவோ சுலபமாக முடிந்துவிட்டது. பின்னால் வந்ததுதான் பாடு. வயிற்றை வெட்டினால் தோளில் வலிக்கும் என்று வெர்னாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் அடைத்த காற்று தோளுக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. மருந்துக் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி, குருவி குடிப்பதுபோல் உறிஞ்ச வேண்டியிருந்தது. சுண்ணாம்பு வாசனை அடிக்கும் புரதப் பாலைக் குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போனது. கூந்தல் சீப்போடு வந்தது. ஒருநாள் ஆர்விட் வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், செத்துப்போன சிநேகிதியின் படத்தைப் பார்த்ததுபோல் விம்மி விம்மி அழுதாள். பசிக்கவில்லை. பசிக்காததுதான் அவளுக்குத் துக்கமாக இருந்தது.

ஆனால் இளைத்தாள். நன்றாகவே இளைத்தாள். மருத்துவ விடுப்பில் இருந்ததால் படியேற்றச் சோதனையையும் புத்தாண்டு வரை தள்ளிவைத்தார்கள்.

ஊருக்குப் பொறுக்கவில்லை. லூதரன் சர்ச்சின் நிலவறையில் நடக்கும் விருந்துகளில், "கொஞ்சம் பார்த்துச் சாப்பிடு வெர்னா" என்று ஆயுசு முழுக்கச் சொன்ன அதே வாய்கள், இப்போது "முகமே வத்திப்போச்சே, கொஞ்சம் சாப்பிடு" என்றன. அவள் பால்ய சிநேகிதி கார்லின் மட்டும் மனத்தில் இருந்ததை வெளியே சொன்னாள்.

"தப்பா நினைச்சுக்காதடி. கத்தியை வெச்சுக் குறைக்கிறதெல்லாம் குறுக்குவழி. மனக்கட்டுப்பாட்டுல குறைச்சாத்தான் குறைச்சது."

"அதுவும் சரிதான்," என்றாள் வெர்னா, அந்த ஊர்க்காரியாக. பிறகு, நெருங்கிய சிநேகிதி என்பதால், ஈயக்குண்டு விஷயத்தைக் காதோடு சொன்னாள். கார்லின் சிரிக்கவில்லை. "எந்தப் பையில வெச்சே?" என்று மட்டும் கேட்டாள்.

கோடை வந்தது. ஊரில் ஊசி மோகமும் வந்தது. வாரத்துக்கு ஒன்று வயிற்றில் குத்திக்கொண்டால் பசி ஓடிவிடும் என்ற ஊசி. போதகர் முதல் தபால்காரர் வரை அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் அதற்கும் காப்பீட்டுக் கம்பெனி ஓர் எல்லை வைத்திருந்தது. சுமாராகக் குண்டாக இருப்பவர்களுக்குக் கிடையாது, முறைப்படி குண்டாக இருக்க வேண்டும். அந்த வாரம் ஆர்விட் மீன்பிடிக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினான்.

"ஈயக்குண்டு ஒண்ணுகூட இல்லையாம், வெர்னா! மீன் பிடிக்கிறவங்க யாரும் வாங்கலையாம். யார்தான் வாங்குறாங்கன்னு கடைக்காரனுக்கே விளங்கலை."

வெர்னா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பிரென்டோடு பேசிக்கொண்டிருந்தாள். எடை குறைந்துவிட்டதே, இனி முழங்காலுக்குச் சம்மதிப்பீர்களா என்று கேட்டாள்.

"எடை குறைஞ்சா வலியும் குறைஞ்சிருக்கணுமே மேடம்?"

"குறையலையேப்பா."

"அப்ப ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புறோம். நீங்க நடந்தா, நடக்க முடியுதுன்னு ஆகிடும். நடக்கலைன்னா..."

"ஒத்துழைக்கலைன்னு ஆகிடும்."

"நீங்க சீக்கிரம் கத்துக்கிறீங்க, மேடம்! பயப்படாதீங்க. வலிக்குதான்னு கேப்பார். வலிக்குதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! வெர்னா ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தாள். "வலிக்குது" என்று சொல்லிவிட்டு, உடனே "மன்னிக்கணும்" என்று சேர்த்துக்கொள்வாள். ஆர்விட் அந்த இரண்டாவது சொல்லை நீக்க மிகவும் பாடுபட்டான்.

மதிப்பீட்டு நாளன்று ஜூலை வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்த வெர்னா திகைத்து நின்றாள். பாதி ஊர் அங்கே உட்கார்ந்திருந்தது, எல்லோரும் பனிக்கோட்டோடு. போதகர் கழுத்துவரை பொத்தான் போட்டு, முகம் சிவந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் கார்லின்.

"ஏசி கொஞ்சம் அதிகமா வெச்சிருக்காங்க, இல்ல?" என்றாள் கார்லின்.

"ஆமா, சில்லுன்னுதான் இருக்கு," என்றாள் வெர்னா.

அப்போது உள்ளேயிருந்து கார்லினின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அவசரமாக எழுந்தாள். கோட்டுப் பையின் தையல் விட்டுப்போனது. ஈயக்குண்டுகள் படபடவென்று கொட்டி, அறை முழுக்க உருண்டன. போதகர் கூரையைப் பார்த்தார். தபால்காரர் தன் காலணியைப் பார்த்தார். கார்லின் வெளிறிப்போய் நின்றாள்.

வெர்னா யோசிக்கவே இல்லை. ஒருத்தி மானம் போகும்போது பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குத் தெரியாது. சட்டென்று தரையில் முழங்காலூன்றி, நாற்காலிகளுக்கு அடியில் கைவிட்டுக் குண்டுகளைப் பொறுக்கிக் கார்லினின் கையில் திணித்தாள். வலது முழங்காலுக்குள் ஏதோ நறுக்கென்று உடைந்தது. கண் இருண்டது, கண்ணீர் முட்டியது.

நிமிர்ந்தபோது வாசலில் மதிப்பீட்டாளர் நின்றிருந்தார்.

"முழங்கால் நல்லாவே மடங்குதே மேடம். வலிக்குதா?"

அறை முழுக்க அவளையே பார்த்தது. கண்ணாடி முன் பழகிய சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அதுவும் கார்லினுக்கு உதவப் போய் வந்த வலி என்று தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்?

"இல்லல்ல," என்றாள் வெர்னா. "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

அவர் அதை அப்படியே பதிந்துகொண்டார்.

முழங்கால் நலமாக இருப்பதை நோயாளியே ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பிரென்ட் போனில் வாழ்த்துச் சொன்னார். வெர்னாவின் கால் அன்றிலிருந்து மடங்கவே இல்லை. "ஒரு வழி இருக்கு மேடம்," என்றார் பிரென்ட். "அன்னிக்கு அந்த அறையில இருந்த யாராவது ஒருத்தர், நீங்க வலியில துடிச்சதைப் பார்த்தோம்னு சாட்சி சொன்னா போதும். மறுபரிசீலனை பண்ணலாம்."

வெர்னா கார்லினிடம் போனாள். ஊசி கிடைத்து நன்றாக இளைத்திருந்த கார்லின் கையைப் பிசைந்தாள்.

"பார்த்தேன்டி. உன் முகத்தைப் பார்த்து எனக்கே அழுகை வந்துச்சு. ஆனா ஜூலை மாசம் பனிக்கோட்டோட நீ அங்க எதுக்குப் போனே, வெர்னா கீழ எதைப் பொறுக்கினாள்னு என்னைக் கேப்பாங்களே?"

"அதுவும் சரிதான்," என்றாள் வெர்னா.

போதகரும் பார்த்திருந்தார். "சாட்சியா... ஜெபத்தைவிடப் பெரிய சாட்சி ஏது?" என்றார்.

புத்தாண்டுக்குப் பிறகு நடந்த சோதனையில் யாரும் தும்மவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிலவறையில் விருந்து. ஊசிக்காரர்கள் நிறைந்த கூட்டம் என்பதால் ஹாட்டிஷ் தட்டுகள் தொடுவாரின்றி ஆறிக்கிடந்தன. போதகர் எழுந்து, வழக்கத்துக்கு மாறாக, நம் சகோதரியின் முழங்காலுக்காக எல்லோரும் முழந்தாளிட்டு ஜெபிப்போம் என்றார்.

மெலிந்த ஊர் முழுவதும் சுலபமாக முழந்தாளிட்டது. வெர்னா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கீழேயிருந்து கார்லின் அவள் பாவாடையைத் தொட்டு, ரொம்ப வலிக்கிறதா என்று மெல்லக் கேட்டாள்.

"பரவாயில்லடி," என்றாள் வெர்னா. "நீ ஜெபம் பண்ணு."