ஊதிப் பார்க்கிறவர்கள்

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் ஊதுவார்கள். டார்ச் எரியவில்லை என்றாலும் ஊதுவார்கள். கடிகாரம் நின்றுபோனால் அதைக் குப்புறப் போட்டு முதுகில் ஒருமுறை ஊதுவார்கள். இந்த இனத்தில் ஒருவரோடு இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்; ஊதியதால் பிழைத்த பொருள் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. இவர்களுக்கு 'ஊதிப் பார்க்கிறவர்கள்' என்று மனசுக்குள் பெயர் வைத்திருக்கிறேன்.

ஊதுவது தொடக்கம்தான். அடுத்து சட்டைப் பையிலிருந்து திருப்புளி வரும். அதற்கடுத்து சந்தேகம் வரும். லேசான சந்தேகமா? பொருளைச் செய்த கம்பெனி, விற்ற கடைக்காரர், கரண்ட், ஈரக் காற்று, பக்கத்து வீட்டு மிக்சி, நேற்று அந்த அறையைப் பெருக்கிய நான் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் கூண்டில் ஏற்றுவார்கள். ஏற்றாத ஆள் ஒருவர்தான். அது யாரென்று சொல்லவும் வேண்டுமா?

என் வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்தாலும் சரி.

எங்களோடு இருக்கிற என் தங்கைக்கு வலது கை விரல்கள் மடங்காது. பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் மாட்டிய கை. வேலை போய்விட்டது, அங்கே பழகிய சிநேகிதிகள் நாலு பேர் மட்டும் மிச்சம். சனிக்கிழமை நாலு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தபடியே ஐந்து பேரும் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விடுவார்கள். கடையில் விற்கிற கன்ட்ரோலர் தங்கையின் கைக்கு ஒத்துவராது என்று, இவரே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வளையல் அகலத்துக்கு ஆறு பொத்தான்களைப் பதித்து, மடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்துகிற மாதிரி ஒன்று செய்து கொடுத்தார். நல்ல மனசு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒயரைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒருநாள் கடைசி மூன்று பொத்தான்களுக்குப் பேச்சுமூச்சு இல்லை. இரண்டு சனிக்கிழமை வீணாய்ப் போனது. மூன்றாவது வாரமும் வராவிட்டால் வேறொருத்தியைச் சேர்த்துக்கொள்வோம் என்று சிநேகிதிகள் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றாவது சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கே தங்கை பெட்டியை அணைத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இவர் ஊதினார். நான் டார்ச் பிடித்தேன்.

நாலாவது பொத்தானைக் கழற்றிப் புதிது போட்டார். அசையவில்லை. ஐந்தாவதை மாற்றினார், ஆறாவதை மாற்றினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், சர்க்யூட் போர்டை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார், பிறகு பொத்தான் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். உங்கள் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்களா சார் என்று அந்த மனிதர் கேட்டாராம். இவருக்கு வந்ததே கோபம்.

பெட்டிக்குள் ஒரு கருப்பு ஒயர் போர்டிலிருந்து கிளம்பி, துணிக்கொடி மாதிரி, ஒரு பொத்தானிலிருந்து அடுத்த பொத்தானுக்கு என்று ஆறையும் தொட்டுக்கொண்டு போகிறது. முன்னால் இருக்கிற மூன்றும் வேலை செய்கின்றன; பின்னால் இருக்கிற மூன்றும் செத்துக் கிடக்கின்றன. கொடி எங்கே அறுந்திருக்கும்? துணி காயப்போடுகிற யாருக்கும் தெரியும். மூன்றாவது பொத்தானில், நாலாவதுக்குப் போகிற ஒயரை இவர் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில். அங்கே ஒரு மங்கலான ஈய உருண்டை, ஒயரோடு ஒட்டிக்கொண்டதுபோல் பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. வெளிச்சத்தை மட்டும் அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இங்க காட்டுன்னா எங்கயோ காட்டுறியே. அது நான் வச்ச ஈயம். அதுல பாக்க என்ன இருக்கு?"

டார்ச்சை நகர்த்தினேன். கொஞ்சம் கழித்து வெளிச்சம் தானாக அங்கேயே திரும்பிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திவிட்டார். மறுபடியும் திரும்பியது. மணி மூன்றே முக்கால். தங்கையின் போன் சிணுங்கியது; அவள் எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தான், அக்காவுக்குக் கை நடுங்காது. மூணு தடவையும் வெளிச்சம் ஒரே எடத்துலதான் வந்து நிக்குது."

அவர் என்னைப் பார்த்தார். நான் டார்ச்சைப் பார்த்தேன். திருப்புளி நுனியால் அந்த உருண்டையை லேசாக அழுத்தினார். தங்கை பெட்டிக்கு அடியில் கையை விட்டு நாலாவது பொத்தானை அமுக்கினாள். திரையில் கார் துள்ளியது.

"அதத்தான் கடைசியாப் பாக்கலாம்னு வச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு, சூடேறியிருந்த சால்டரிங் கோலை என்னிடம் நீட்டினார். அதுதான் மன்னிப்பு. இந்த இனத்தின் பாஷையில் அதற்கு வேறு வார்த்தை கிடையாது. நான் பற்றவைத்தேன். நாலு மணிக்கு ஐந்து கார்கள் கிளம்பின.

இவ்வளவு நேரம் உங்கள் மைத்துனரையோ மேனேஜரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக ஒன்று கெட்டுப்போனபோது முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள்? நீங்கள் கை வைத்த இடத்தையா? அன்றைக்கு உங்களுக்கு டார்ச் பிடித்தது யார்? வெளிச்சம் எங்கே நின்றது? ஞாபகம் இல்லையா? அப்படியானால் ஒருமுறை ஊதிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஆறு பொத்தான்களும் வேலை செய்கின்றன. நான் வைத்த ஈயம் கொஞ்சம் கோணல். தங்கை ஐந்து பேரில் நாலாவதாக வருகிறாள். கோளாறு ஈரக் காற்றால் வந்தது என்று இவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். சனிக்கிழமை மூன்றே முக்காலுக்குப் பெட்டியைக் கையில் வாங்கி, ஒருமுறை ஊதிவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கிறார்.