பத்து நிமிஷம் பேச விட்டாள்

நாற்பத்தாறு வயதில் நான் பல்கலைக்கழகம் போகிறேன். பகலில் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தல், மாலையில் ஆங்கில மொழியியல் அறிமுகம். பட்டத்துக்காக என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில், பாடத்திட்டத்தில் 'உரையாடல் ஆய்வு' என்று ஒரு பகுதியைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். யார் எவ்வளவு நேரம் பேசுகிறார், யார் யாரை இடைமறிக்கிறார், எல்லாவற்றையும் விநாடிக் கணக்கில் அளக்கலாமாம்! என் வீட்டில் எனக்குப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை என்று இருபது வருஷமாகக் கத்துகிறேன். மனசுக்குள்தான். இனி அறிவியலே கத்தட்டும்.

பயிற்சியும் அதிலிருந்தே வந்தது. வீட்டுப் பேச்சைப் பத்து நிமிடம் பதிவு செய்து, அளந்து, வகுப்பில் வாசிக்க வேண்டும். எந்த மொழியில் சண்டை போட்டாலும் சரி, அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில். முதல் தேர்வில் கோட்டை விட்டிருந்தேன். இதில் தேறினால்தான் அடுத்த பருவம். பேசுகிற எல்லாரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் விரிவுரையாளர் அம்மா. நான் போட்டேன். என் வீட்டுக்காரியும் மறுபேச்சில்லாமல் போட்டாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் கைபேசியை வைத்தேன். அடடா, என்ன பதிவு! பத்து நிமிடத்தில் நான் பேசியது பதினான்கு விநாடி. அதில் ஆறு விநாடி இருமல். அவள் என்னை இடைமறித்தது பதினொரு முறை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அலுவலகத்தில் முத்திரைகூடத் தாளத்தோடு விழுந்தது.

சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் அவள் அறிக்கையை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா நான் ஒப்புதலை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அதெப்படி? கையெழுத்துப் போட்டியே?"

"படிவத்துல ஆறாவது பத்தியைப் படிங்க. சமர்ப்பிக்கிற வரைக்கும் எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

காப்பீட்டு அலுவலகத்தில் படிவம் சரிபார்ப்பதே அவள் உத்தியோகம். அவளிடம் போய், நான் படிக்காத படிவத்தை நீட்டியிருக்கிறேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

கெஞ்சினேன். என் படிப்பு, என் மானம், கல்யாணத்தன்று போட்டோக்காரர்கூட என்னைப் பேச விடாதது, எல்லாம் கொட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்கியபடி "ம்" போட்டாள். ஐந்து தடவை "ஏங்க" என்று ஆரம்பித்தாள். ஐந்து தடவையும் "இரு, முடிச்சிடறேன்" என்றேன். மூச்சு வாங்கி நான் நிறுத்தியதும், காய்கறிக் கூடைக்குப் பின்னாலிருந்து தன் கைபேசியை எடுத்தாள்.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சு. இதுக்கு என் ஒப்புதல் உண்டு."

நானும் விலகலாம்தான். விலகினால் படிப்பிலிருந்தே விலக வேண்டும்.

மறுநாள் வகுப்பில் அதையே வாசித்தேன். ஆண், ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. பெண், இருபது விநாடி. இடைமறிப்பு ஐந்து, ஐந்தும் ஆணுடையது. விரிவுரையாளர் முழு மதிப்பெண் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுல அவங்களை என்னைக்காவது பேச விட்டிருக்கீங்களா?"