பம்பருக்கு அடியில் ஒரு நீலம்

"காருக்கு நீல லைட்டெல்லாம் போடக் கூடாதுங்க. அது போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும். கேஸ் எழுதறேன்" என்றார் கான்ஸ்டபிள் ராசப்பன்.

டையிங் மாஸ்டர் கிட்டுசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. நீல ஆர்டருக்கு அவர் சாயம் போட்ட துணியின் தரத்தைப் பார்க்க, பையர் ஆபீஸிலிருந்து இன்று ஒரு புது கியூசி வருகிறார். 'சரியான நீலம்' என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் லாட் தேறும். இல்லையென்றால் மாஸ்டரின் வேலையே காலி என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்தா, ஆசைப்பட்டு பம்பருக்கு அடியில் மாட்டிய லைட் அவிநாசிபாளையம் ரோட்டில் காலை வார வேண்டும்? எஞ்சின் ஓடினாலே எரிகிற மாதிரி மெக்கானிக் வேறு ஒயர் கொடுத்துத் தொலைத்திருந்தான்.

"சார், இது நீலம் இல்லீங்க. டர்க்காய்ஸ்!"

"டர்க்கியா இருந்தா என்ன, சிலோனா இருந்தா என்னங்க? நீலம் நீலந்தான்."

"இதுல பச்சை கலந்திருக்குதுங்க."

"எவ்வளவு?"

"முக்கால்வாசிங்க!" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார்.

ராசப்பன் குனிந்து பார்த்தார். "எனக்கு நீலமாத்தான் தெரியுது" என்று நோட்டைத் திறந்தார்.

ஆர்.சி. புத்தகம் இல்லாமல் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டியோடு ஓரமாக நின்ற பெண் களுக்கென்று சிரித்தாள். கிட்டுசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பின் சீட்டிலிருந்த நீல ஆர்டர் சாம்பிள் துணியை உருவி, லைட்டுக்குப் பக்கத்தில் விரித்தார்.

"இதும் அதும் ஒரே கலர்தானுங்களே? நானே சாயம் போட்ட துணி சார். இருபது வருசமா இதே பொழப்பு. இதைப் போயி நீலம்னு சொன்னா, சொல்றவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு அர்த்தம். சுத்தப் பச்சைங்க! நீயே சொல்லு கண்ணு."

அந்தப் பெண் துணியை வாங்கி வெயிலில் பிடித்தாள். ஓரத்தில் தைத்திருந்த லாட் நம்பரைக்கூட விடாமல், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவரு சொல்றது நெசந்தானுங்க சார். பச்சையேதான்."

ராசப்பன் அலுத்துப்போய் நோட்டை மூடினார். "என்னமோ போங்க! சாயங்காலத்துக்குள்ள கழட்டிப்போடுங்க."

கிட்டுசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீசையை நீவிக்கொண்டே துணிக்குக் கை நீட்டினார்.

"நல்லா இருப்பே கண்ணு. என்னைக் காப்பாத்திட்டே!"

அவள் துணியை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் கம்பெனிக்கு வந்து பார்க்க வேண்டியதில்லீங்க மாஸ்டர், கியூசி ரிப்போர்ட்டுல நீங்க சொன்ன பச்சையவே எழுதிக்கறேன்."