மிச்சம் பிடிப்பவர் வீட்டுக் கொலு

செலவாளியை உங்களுக்குத் தெரியும். கருமியையும் தெரியும். ஒருவர் பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே வருவார், மற்றவர் பர்ஸை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருவார். அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. இந்த இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் நம் காலத்தில் அமோகமாகப் பெருகியிருக்கிறது. கருமியைப் போலப் பேசும். செலவாளியைப் போல வாங்கும். வாங்க வாங்கப் பணம் மிச்சமாகிறது என்று மனதார நம்பும். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர், மிச்சம் பிடிப்பவர்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? உங்கள் வீட்டுக்கு வருவார். கை கழுவப் போவார். திரும்பி வரும்போது கையில் ஈரமும் முகத்தில் கவலையுமாக வருவார். "அந்த சோப்பு என்ன விலைக்கு வாங்கினீங்க?" நீங்கள் விலையைச் சொல்வீர்கள். அது போதாது. "கிராமுக்கு எவ்வளவு வருது?" சோப்பைத் தேய்த்துக் குளிப்பதோடு நம் உறவு முடிந்துவிடுகிறது, கிராமுக்கு எவ்வளவு என்று யார் கண்டார்கள்? நீங்கள் விழிப்பீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் டாக்டரைப் போல அவர் தலையை ஆட்டிவிட்டு, "ஏமாந்துட்டீங்களே சார்" என்பார். அன்றிலிருந்து அந்த சோப்பு உங்களுக்குச் சரியாக நுரைக்காது.

இவ்வினத்தின் முதல் தரமான மாதிரி, வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கு எதிர்வீட்டில் வசிக்கிறார். பெயர் சுந்தரராஜன். ரயில்வே கணக்குப் பிரிவில் அதிகாரி. அலுவலகத்தில் அடுத்தவர் செலவைத் தடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் அவரைத் தடுக்க ஆள் கிடையாது.

அவருக்கு இரண்டு கோவில்கள். ஒன்று, ஊரின் மறுகோடியில், ராஜர்ஹாட்டையும் தாண்டி, விமானமே நிறுத்தலாம் போன்ற கொட்டகையில் இருக்கும் மொத்த விற்பனைக் கடை. உள்ளே நுழையவே உறுப்பினர் அட்டை வேண்டும். அட்டைக்கு வருடச் சந்தா உண்டு. மற்றொன்று சட்டைப் பையிலேயே இருக்கிறது, அதாவது கைப்பேசி. சனிக்கிழமை காலையில் முதல் கோவிலுக்குப் போய், எண்ணெய் டின் முன்னால் தள்ளுவண்டியோடு நின்று, இரண்டாவது கோவிலைத் திறந்து அதே எண்ணெய் ஆன்லைனில் என்ன விலை என்று பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் கூடையை நிரப்பும்போது, நேற்று கொட்டகையில் என்ன விலை போட்டிருந்தான் என்று எடுத்துவந்த போட்டோக்களைப் பார்ப்பார். எது லாபம்? விலையை மட்டும் வைத்து முடிவு சொல்வது அவசரக்காரர்களின் வேலை. தரம் இருக்கிறது, எடை இருக்கிறது, டப்பாவின் கனம் இருக்கிறது. ஆகவே இரண்டு இடத்திலும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.

டாக்சிக் கூலி? பாலத்துச் சுங்கம்? அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது இவ்வினத்தின் அடிப்படைக் கொள்கை. அது போகவர ஆகும் செலவு. சாமானின் விலையில் எப்படி வரும்? சந்தாப் பணத்தைத் திரும்ப எடுப்பதற்காக இன்னும் கொஞ்சம் வாங்குவார். டெலிவரி இலவசமாக வேண்டும், அதற்குக் கொஞ்சம் பற்றாக்குறை என்றால் ஒரு நகவெட்டியைச் சேர்த்துக்கொள்வார். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். நகவெட்டிகளை வைத்து ஒரு பட்டாளத்தின் நகத்தை வெட்டலாம்.

இவ்வளவும் எங்கே போய்ச் சேரும்? ஒவ்வொரு மிச்சம் பிடிப்பவர் வீட்டிலும் பலி கொடுக்கப்பட்ட அறை ஒன்று இருக்கும். சுந்தரராஜன் வீட்டில் அது பின்னறை. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே சாந்த்ராகாச்சி ஏரி. குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ வாத்துகள் பறந்து வந்து இறங்கும் ஏரி. அதைப் பார்க்க நகரத்துப் பாலிகஞ்சிலிருந்தெல்லாம் கேமராவும் குல்லாயுமாக மக்கள் வருகிறார்கள். அவருடைய மனைவி கோமதி அந்த ஜன்னலை, குடிவந்த முதல் வாரத்தில் பார்த்ததோடு சரி. அதன்பின் அங்கே சோப்புத்தூள் பெட்டிகள் குடியேறிவிட்டன.

"எனக்கு அந்த ரூம் வேணுங்க" என்று கோமதி மூன்று வருடமாகச் சொல்லிவந்தார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நவராத்திரிக்குக் கொலு வைக்க வேண்டும். ஆத்ரா, சக்ரதர்பூர், கரக்பூர் என்று ஒவ்வொரு மாற்றலிலும் கூடவே வந்த பொம்மைகள் டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கின்றன. அந்த அம்மாள் கேட்டது அவ்வளவுதான்.

"ஸ்டாக் தீரட்டும், காலி பண்ணிடலாம்" என்பார் சுந்தரராஜன். ஆனால் தீர வேண்டுமே! பண்டகசாலை முறைப்படி, முதலில் வந்த சாமான்தான் முதலில் செலவாக வேண்டும் என்பது அவர் சட்டம். முதலில் வந்ததோ அடுக்கின் அடியில், சுவரை ஒட்டி இருக்கிறது. அதை எடுக்க மற்ற எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். வெளியே வைக்க இடம் கிடையாது. சரக்கு குறையாததைக் கண்டு அவர் வருத்தப்பட்டாரா? என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். "பாருங்க சார், வாங்கி எட்டு மாசமாச்சு. இன்னும் அப்படியே இருக்கு! பெரிய பேக் வாங்கினா அதுதான் லாபம்."

போன வருடம் கோமதி ஒரே பிடியாக நின்றுவிட்டார். இந்தத் தடவை கொலு உண்டு, குவார்ட்டர்ஸ் முழுக்க அழைக்கப் போகிறேன் என்றார். சுந்தரராஜன் உற்சாகமாகிவிட்டார். படி வாங்க வேண்டுமே! மொத்தக் கடையில் ஒரு வகை இரும்புப் படி, ஆன்லைனில் மடக்கும் படி. ஒரு படிக்கு எவ்வளவு வருகிறது, ஒரு பொம்மைக்கு எவ்வளவு வருகிறது என்று மூன்று வாரம் ஒப்பிட்டார். முடிவெடுத்துப் பொத்தானை அழுத்தப் போனபோது, துர்கா பூஜை முடிந்த பிறகுதான் வந்து சேரும் என்று திரையில் வந்தது. கொட்டகையில் படி விற்றுத் தீர்ந்திருந்தது.

மகாளய அமாவாசையன்று நானும் கை கொடுக்கப் போனேன். கோமதி பின்னறை வாசலில் நின்று அடுக்கை ஒரு பார்வை பார்த்தார். "இதையே படியா அடுக்கிடுங்க" என்றார். அடுக்கினோம். கீழ்ப்படிக்கு எண்ணெய் டின்கள். அதன்மேல் சோப்புத்தூள், தரை துடைக்கும் திரவம், பருப்பு மூட்டை, பேஸ்ட், காகிதக் கைக்குட்டை என்று வரிசை வரிசையாக ஏறி, வெள்ளை வேட்டியை விரித்ததும், அடடா, சட்டமாக ஒன்பது படி! பொம்மைகள் ஏறின. கலசம் ஏறியது. சுந்தரராஜன் என் தோளைத் தட்டினார். "படிச் செலவு மிச்சம் சார்."

மறுநாள் காலை காபி குடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சாயந்திரம் முதல் நாள் விருந்தாளிகள். சுந்தரராஜன் டம்ளரோடு எழுந்து நின்று அறிவித்தார்: "சுண்டலுக்குக் கவலையே இல்ல. நம்மகிட்ட ஒரு மூட்டை கொண்டைக்கடலை ஸ்டாக் இருக்கு!"

"இருக்கு" என்றார் கோமதி. "நாலாவது படியில. தசாவதாரத்துக்கு அடியில."

"மெதுவா உருவிடலாம்."

"கலசம் வெச்சாச்சுங்க. விஜயதசமி வரைக்கும் ஒரு பொம்மையையும் அசைக்கக் கூடாது."

அவர் கைப்பேசியை எடுத்தார். பந்தல்களுக்காகத் தெருக்களை அடைத்திருப்பதால் டெலிவரி நாளைக்குத்தான் என்றது அது. ராஜர்ஹாட்டுக்குப் போய்வருவதென்றால் பூஜை நெரிசலில் இன்றைக்குப் போனால் நாளைக்கு வரலாம். மூட்டை கடலையை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரு பிடி கடலைக்கு வழியில்லாமல் ஒரு மனிதர் நடுக்கூடத்தில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கோமதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நிமாய்-தாவின் மளிகைக் கடை. சுந்தரராஜன் இதுவரை அதைக் கடக்கும்போதெல்லாம் தெருவின் அந்தப் பக்கமாக நடப்பவர். அச்சிட்ட விலையைக் கொடுத்து வாங்குவதற்கு அவர் மனம் ஒப்பாது. அன்று போய் நின்றார். தொண்டையைக் கனைத்து, இந்தியில் ஒரு கிலோ கொண்டைக்கடலை கேட்டார்.

வங்காளத்தில் அண்ணன் தாதா, அண்ணி பௌதி. நிமாய்-தா குழம்பிப் போனார். "இன்னுமா வேணும் தாதா? பௌதி நேத்தே வாங்கிட்டாங்களே. ராத்திரி ஊறப்போடணும்னு சொன்னாங்களே?"

"நேத்தா? கோமதியா?"

"பௌதிதான். மாசச் சாமான் வழக்கமா இங்கதானே?"

"என்ன சாமான்?"

"எல்லாமேதான் தாதா. எண்ணெய், பருப்பு, சோப்பு. நீங்க குடிவந்த நாள்லேர்ந்து." நல்ல மனிதர், சந்தோஷமாகச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மூன்று வருடமாகப் பின்னறையில் தீராமல் இருந்த லாபத்தின் ரகசியம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பாவமாகத்தான் இருந்தது. கேட்டைத் தாண்டியதும் நின்று மெல்லக் கேட்டார்: "சார், அவர் கடையில கிராமுக்கு எவ்வளவு வருதுன்னு பார்த்தீங்களா?"

வீட்டில் கடலை வெந்துகொண்டிருந்தது. வாசனை மாடிப்படி வரை வந்தது.

"ஏன் கோமதி என்கிட்ட சொல்லல?"

"ஸ்டாக் தீரவே இல்லன்னு அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. கெடுக்க மனசு வரல." கோமதி தேங்காயைத் துருவிக்கொண்டே பேசினார். "எனக்கு அந்தக் கடலையும் வேணாம், எண்ணெயும் வேணாம். ரூம்தான் வேணும். கொலு முடிஞ்சதும் படியை நான்தான் பிரிப்பேன். சரியா?"

இந்த நிலையில் எந்தக் கணவன் மறுப்பான்? தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. நம் கொலு முடியும் நாளில்தான் துர்கையை ஆற்றில் கரைக்கிறார்கள். அதன்பிறகு சில நாட்களுக்கு, வங்காளிகள் வீடு வீடாகப் போய் "ஷுபோ பிஜோயா" என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்லி, பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, இனிப்புச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பொம்மைகளைப் பெட்டியில் வைத்த அன்று காலை, கோமதி படியிலிருந்து முதல் சாமான் பெட்டியைப் பிரித்தார். மாலையில் விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். மாடி வீட்டு ரஞ்சனா பௌதி முதலில் வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், அவற்றோடு ஒரு கிலோ சோப்புத்தூள், தரை துடைக்கும் திரவம் ஒரு பாட்டில், நகவெட்டி ஒன்று. ரஞ்சனா பௌதி பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, தென்னாட்டு வழக்கம் எத்தனை அழகு என்று வியந்து போனார்.

வியப்பு பரவியது. மறுநாள் பக்கத்து பிளாக்கிலிருந்தும் வந்தார்கள். மூன்று வருடமாக எங்களைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்காத ஸ்டேஷன் சூப்பரிண்டெண்ட் குடும்பத்தோடு வந்து, கோமதியை அக்கா முறை கொண்டாடி, இரண்டு லிட்டர் எண்ணெயுடன் திரும்பினார். சுந்தரராஜன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பை வெளியேறும்போதும் அவர் உதடுகள் அசைந்தன. ஒருமுறை, மாஷிமா என்று எல்லாரும் அழைக்கும் பெரியம்மா ஒருவர் கிளம்பும்போது, பொறுக்க முடியாமல் கிசுகிசுத்தார்: "கோமதி, அது ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு வாங்கினது."

"அப்படியா? மாஷிமா, இருங்க. இன்னொண்ணு இருக்கு, அதையும் எடுத்துக்கோங்க!"

கொண்டைக்கடலை மூட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. பாதிக்கு மேல் வண்டு அனுபவித்திருந்தது, சந்தா கட்டாமலே.

அடுத்த பௌர்ணமிக்கு வரும் லட்சுமி பூஜைக்குள் பின்னறை காலி. மூன்று வருடத்துக்குப் பிறகு ஜன்னல் திறந்தது. கோமதி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாத்துகள் வர இன்னும் நாள் இருந்தது. அதுவரை வெறும் தண்ணீரையும் ஆகாயத்தாமரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் பார்த்ததில்லை. எனக்கே மனம் நிறைந்துவிட்டது.

சுந்தரராஜன் திருந்திவிட்டாரா? இவ்வினம் திருந்தியதாகத் தகவல் இல்லை. இப்போது அவர் ஒப்பீட்டில் நிமாய்-தா கடையும் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் டிசம்பரில் ஒரு நாள் ஏரி முழுக்க வாத்துகள் வந்து இறங்கியபோது, கோமதியின் பின்னால் ரொம்ப நேரம் நின்று பார்த்தவர், தனக்கும் ஒரு நாற்காலி வாங்கினார். ஆறு சேர்த்து எடுத்தால் ஒன்றுக்கு இவ்வளவு குறையும் என்று திரை கெஞ்சியது. ஒன்றே ஒன்றுதான் வாங்கினார். டெலிவரி இலவசமாவதற்காக, அதனுடன் ஒரு நகவெட்டியும் வந்தது. கோமதி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இந்த மாதிரி ஆள் ஒருவரை உங்களுக்கும் தெரியும், மைத்துனரோ, மேலதிகாரியோ, யாரோ. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இந்தப் புத்தகத்தை வாங்குமுன் எத்தனை இடத்தில் விலை பார்த்தீர்கள்? சரி, அதை விடுங்கள். டெலிவரி இலவசமாவதற்காக இதனுடன் சேர்த்து வாங்கினீர்களே இன்னொரு புத்தகம், அது எந்த அறையில் இருக்கிறது? அந்த அறைக்கு ஜன்னல் உண்டா?