பேதுருவின் முறுக்கு மீசை

"எலே எபின், பேதுருவுக்கு இது ஆருக்க மீசையாக்கும்?"

பாறசாலைப் பக்கத்துச் சபை மண்டபச் சுவரில் கடைசி இராப்போஜனம் வரைந்துகொண்டிருந்த எபின், சாரத்திலிருந்து குனிந்து பார்த்தான். கீழே லீலாபாய் டீச்சர் குடையை ஊன்றி நின்றாள்.

"சுந்தரதாஸ் முதலாளிக்கது, டீச்சர். பெயின்டு செலவு அவருக்கதுல்லா? இத்தாலியிலயும் பெரிய குடும்பக்காரவியளுக்க முகத்தை இப்படித்தான் வேதக்கதைக்குள்ள வரைஞ்சிருக்கு. போனுல கண்டேன்."

"அதுக்கு பேதுருவா?"

"பேதுருவும் படகுக்காரர்தானே?"

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூவாரில் நாலு சுற்றுலாப் படகு விட்டால் அப்போஸ்தலன் ஆகிவிடலாமா? நாற்பது வருடம் இந்தச் சபையில் மணியடித்துச் செத்துப்போன அவள் அப்பா ராஜப்பனுக்குச் சபையின் நூற்றாண்டு விழா மலரில் ஒரு படம்கூட இல்லை.

நேரே கமிட்டிக்குப் போனாள்.

"பேதுரு எனக்க அப்பாவாக்கும். இல்லேன்னா விழாவில பாட்டு கிடையாது."

பாடகர் குழு அவள் கையில் இருந்தது. கமிட்டி பணிந்தது.

பேதுருவுக்கு ராஜப்பனின் முகம் வந்தது. படத்தில் முதலாளி மேசையின் ஓரத்துக்குப் போனார். அந்த ஓரம் வாசலை ஒட்டியிருந்ததால், வருகிறவர்களை அவரே வரவேற்பதுபோல் ஆயிற்று.

"இது ஆருக்க வீட்டு விருந்துலே? மாத்து!" என்றாள் டீச்சர்.

எபின் அவரைத் தண்ணீர் ஊற்றும் வேலைக்காரன் ஆக்கினான். எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவர் ஒருவர் மட்டும் நின்றார்.

"கர்த்தரைக் காட்டிலும் உயரமா நிக்கியாரே! அநியாயம்!"

"மத்த எல்லா முகமும் வரைஞ்சாச்சு. இனி யூதாஸ் மட்டுந்தான் பாக்கி, டீச்சர்."

"அதுல போடு!"

கமிட்டி நடுங்கியது. முதலாளியோ தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர் சொன்னா செரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டீச்சருக்கு நெஞ்சு நிறைந்தது.

விழா நாளில் நெய்யாற்றின்கரையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வாசலில் நுழைந்ததுமே எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "இதுல யூதாஸ் எது?" கண்டுபிடித்ததும் கூட நின்று செல்பி எடுத்தார்கள். பேதுருவுக்குக் கீழே நின்று, "இது எனக்க அப்பா" என்று டீச்சர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

சுந்தரதாஸ் தன் படத்தருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"காட்டிக்கொடுத்தவனா நிக்கியதுக்கு இவருக்கு வெக்கமே இல்லியாலே?" என்று எபினிடம் பொருமினாள்.

எபின் சாயாவை ஒரு மடக்கு குடித்தான்.

"முதல்நாளே அவரு கேட்டது யூதாசைத்தான், டீச்சர். சபைக்கு மானக்கேடுன்னு கமிட்டி சம்மதிக்கல்ல. 'அப்ப என்னைப் பேதுருவா வரை, மிச்சத்தை லீலாபாய் டீச்சர் பாத்துக்கிடுவாவ'ன்னு பறஞ்சாரு."