ரெண்டா குடுங்க சார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன். இந்த இடத்தில் நின்றால் அப்படியே நின்றுவிடுவேன்.

மேம்பாலத்துக்கு முதல் தூணை நட்டு, கோணலாகிவிட்டதென்று இடித்து, மறுபடி நட்டார்களே, அந்த வருஷத்துக் கதை இது. எங்கள் ஐஸ் ஃபேக்டரியில் மோட்டார் எரிந்து, இருநூறு பாளம் ஐஸ் ஒரே பகலில் தெருவோடு ஓடியதும் அந்த வருஷம்தான். நீ எட்டாம் வகுப்பு.

போன வாரம் போனில், பேத்தியைக் கணக்கு வகுப்பிலிருந்து எடுக்கப்போகிறார்கள், எடுக்கவேண்டாமென்றால் திங்கட்கிழமைக்குள் வந்து பேசச் சொல்கிறார்கள் என்று சொன்னாய். போய்ப் பேசு என்றேன். “பேசி என்னப்பா ஆகப்போவுது? எனக்காக நீங்க அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட அவ்வளவு சண்டை போட்டீங்களே, என்ன நடந்துச்சு?” என்றாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

மகளே, நான் சண்டை போடவே இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த இரண்டு வரியைச் சொல்வதற்குள், இதை எழுதுகிறவரை மூன்று முறை தண்ணீர் குடிக்க அனுப்பினேன். எழுதுகிறவர் உன் பழைய பள்ளிக்கூடத்து எழுத்தர். இவருக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்பதால், வெட்கமும் பாதிதான் படவேண்டியிருக்கும் என்று தேடிப் பிடித்தேன். தினம் பேப்பர் படிச்சீங்களே என்பாய். படத்தில் இருப்பவர்களின் தலை மேலே இருக்கிறதா என்று பார்த்துப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான். படமில்லாத பக்கம் வந்தால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையெழுத்து? அது உன் அம்மா கோலம் மாதிரி வரையப் பழக்கிவிட்டது.

உனக்குக் கணக்கில் மார்க் இறங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். காரணம் எனக்குத் தெரியும். நம் ஒற்றை அறைக்கு ஒற்றை பல்பு. அதற்கு நேர் கீழே நான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன், அந்தப் பேப்பரின் நிழலில் நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு கணக்குப் போடுவாய். சரி, பெற்றவன் போய்ப் பேசிவிடுவோம் என்று, ஃபேக்டரியில் எடை போடுகிறவரிடம் கண்ணாடி இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, படித்தவன் மாதிரி போனேன். கண்ணாடியில் தலைமையாசிரியர் இரண்டு பேராகத் தெரிந்தார். இரண்டு பேருக்கும் நடுவே பார்த்துப் பேசினேன்.

“கணக்குன்னு உக்காந்தாலே புள்ளைக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது சார்” என்றேன்.

“அப்ப எதுக்குப் புள்ளையை வதைக்கணும்? கணக்குக்கு விலக்கு குடுத்துடலாம்” என்றார்.

இந்த இடத்தில் எழுத்தர் பேனாவை நிறுத்தி, “பல்லுக்கு வர்ற லவா, பள்ளிக்கு வர்ற ளவா?” என்று கேட்கிறார். அது தெரிந்தால் நான் எதற்கய்யா உன்னைக் கூப்பிட்டேன்? அவர் சொன்னது விலக்கு, அந்தப் பாடமே வேண்டாமென்று விடுவது. என் காதில் விழுந்தது விளக்கு, எரிகிறது. கணக்குப் போடும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே விளக்குக் கொடுக்கிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ரெண்டா குடுங்க சார்” என்றேன்.

“ரெண்டா? அறிவியலுக்குமா?”

“எதுக்கும் இருக்கட்டும் சார். எல்லாப் பாடத்துக்கும் வேணும்தானே?”

அவர் பெருமூச்சு விட்டு, “எல்லாத்துக்கும் குடுக்க முடியாதுய்யா. அந்த நேரத்துல தையல் வகுப்புல உக்காரட்டும்” என்றார். தையலுக்கும் வெளிச்சம் வேண்டும், மனுஷன் எவ்வளவு யோசிக்கிறார் என்று கும்பிட்டேன். அந்த அறையில் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தர், இவரேதான், தாளை நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். உதட்டை அசைத்தபடி மனசுக்குள் முப்பது வரை எண்ணினேன். “தப்பில்லாம எழுதியிருக்கீங்க” என்று பாராட்டிவிட்டு, என் பெயரை வரைந்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சுவரில் ஆணி அடித்தேன். மூன்றாம் நாள், விளக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கப் போனேன். எழுத்தர் கேட் அருகே என்னை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். “உள்ள வாங்க. தெரியாம போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே மாத்திடலாம்” என்றார். கேட்டிலிருந்து அந்த அறைக்குப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். படிக்கத் தெரியாதென்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். நான், “தெரியும் தெரியும், தெரிஞ்சுதான் போட்டேன்” என்று சொல்லிவிட்டு ஐஸ் சுமக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் நீ கையில் ஊசி நூலோடு வந்து, “ஏம்ப்பா, நீங்க கையெழுத்துப் போட்டீங்களாமே?” என்று கேட்டாய். அந்த ஆள் ஏமாற்றிவிட்டான், சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்றேன். நீ என் முதுகைத் தடவி, “விடுங்கப்பா” என்றாய். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் பேசினால் ஒன்றும் நடக்காது என்று நீ நம்புவதற்குக் காரணம் என் பொய். பேசியிருந்தால் நடந்திருக்கும். திங்கட்கிழமை நீ போ. என்னைக் கூட்டிப்போகாதே. நீட்டுகிற தாளை ஒரு வரி விடாமல் படி. ஒரு வார்த்தை பிடிபடாவிட்டாலும், “எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேள். பழி முழுக்க என்னுடையது, வேறு யாரையும் திட்டாதே.

வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க அப்பாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளையிடம் மட்டும் இதைக் காட்டாதே. அவர் இன்னும் என்னிடம்தான் பத்திரத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்.

பின்குறிப்பு: ‘பழி முழுக்க என்னுடையது’ என்று எழுதியதிலிருந்தே எழுத்தர் முகம் சரியில்லை. இப்போது பேனாவை மூடிவிட்டு, “ரெண்டா குடுங்கன்னு நீங்க கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வேலைக்குச் சேந்து பத்து நாள், பயம். சிரிப்பை அடக்கிக்கிட்டு எழுதிக் குடுத்துட்டேன்” என்கிறார். முப்பத்தொரு வருஷம் கழித்து! இதையும் எழுதுய்யா என்றேன். எழுதியிருப்பார் என்று நம்புகிறேன், சரிபார்க்க எனக்கு வழியில்லை. ஆகவே மேலே சொன்னதை மாற்றிக்கொள். நீ தனியாகப் போகவேண்டாம், தாராளமாகத் திட்டவும் செய். திங்கட்கிழமை ஒருவர் உன்னோடு வந்து, அன்று சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்துப் பேசுவார். அந்த அறையில் இருந்தவர்களில் தலைமையாசிரியர் போய்ச் சேர்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்த ஆயாவும் போய்விட்டாள். என்னை விட்டுவிட்டால், விஷயம் தெரிந்து இன்னும் உயிரோடு இருப்பவர், இதோ தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டிருக்கும் இந்த எழுத்தர் ஒருவர்தான்.